வால்

கிரிம்ஸ்பியில் மீன் ஆலையில் நைட் ஷிப்ட்.
இரண்டு கையுறை போட்டாலும் நகக்கண்ணில் மீன் வாடை.
செவ்வாய் மாலைகளில் நூலகத்து மாடியில்
ஆங்கில வகுப்பு, இலவசம், தேநீர் உண்டு.

எங்கள் ஜார்ஜிய மொழியில்
மேலே, கீழே, உள்ளே, வெளியே எல்லாம்
வினைச்சொல்லின் தலையிலேயே ஒட்டிக்கொண்டு வரும்.
வாயைத் திறந்ததும் திசை தெரிந்துவிடும்.
இங்கே அது வாலில்.
வாக்கியம் முடிகிறமட்டும் காத்திருக்க வேண்டும்
வால் ஆடுகிறதா
கால்களுக்கிடையில் ஒடுங்குகிறதா என்று.

கிவ் என்றால் கொடு.
கிவ் அப் என்றால் கைவிடு.
கிவ் இன் என்றால் பணிந்து போ.
கொடுப்பதற்குள் இத்தனை தோல்வி இருக்குமென்று
யாரும் எனக்குச் சொல்லியிருக்கவில்லை.

முன்பு குடியிருந்தவன்
ஒரு பழைய ஃபிரிட்ஜையும்
கட்டாத கரன்ட் பில்லையும்
இந்த நாயையும் விட்டுவிட்டுப் போயிருந்தான்.
பெயர் டஸ்டர்.
ஜார்ஜிய மொழியில் கொஞ்சினால் முகத்தைத் திருப்பிக்கொள்ளும்.
ஆகவே அதனோடுதான் பயிற்சி:
கம் ஆன், கெட் ஆஃப், ஸிட் டவுன், லை டவுன்.
என் உச்சரிப்புக்கு ஒருநாளும் அது சிரித்ததில்லை.
வெகுநாள் கழித்துத்தான் கண்டுபிடித்தேன்,
அது வினைச்சொல்லைக் கேட்பதேயில்லை,
வாலை மட்டுமே கேட்கிறது.
ஈட் டவுன், ஸிங் டவுன், ட்யூஸ்டே டவுன்
எதைச் சொன்னாலும் சரி
டவுன் விழுந்த இடத்தில் படுத்துவிடும்.

போன செவ்வாய்க்குப் பாடம்: புட்.
லித்துவேனியாக்காரி ரிமான்டே
புட் டவுன் இட் என்று எழுதிச்
சிவப்பு மையில் ஒரு சுழி வாங்கினாள்.
பெட்டி என்றால் முன்னே பின்னே எங்கும் நிற்கலாம்,
பெயருள்ளவற்றுக்கு அந்தச் சலுகை உண்டு.
பெயருக்குப் பதிலாக வரும்
அவன், அவள், அது, நான், நீ
எல்லாம் நடுவில்தான் நின்றாக வேண்டுமாம்.

புதன்கிழமை, கால்நடை மருத்துவமனை.
மூன்று நாளாக அது எதையும் தின்னவில்லை.
வயிற்றைத் தடவிப் பார்த்துவிட்டு
என் கையில் திருப்பிக் கொடுத்தார் டாக்டர்.
"ஐ திங்க் வீ ஷுட் புட் ஹிம் டவுன்."
கையில் இருபத்தெட்டுக் கிலோ.
முகமெல்லாம் மலர்ந்து சொன்னேன்,
"யெஸ் ப்ளீஸ், புட் ஹிம் டவுன். ஹி இஸ் வெரி ஹெவி."
ஹிம் நடுவில். ஒரு பிழை இல்லை.
நானே தரையில் இறக்கியும் விட்டேன்.

நர்ஸ் பெண் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள்.
படிவம் ஒன்று வந்தது.
அதிலிருந்த நீளமான கிரேக்கச் சொல்
எங்கள் மொழியிலும் அதே சொல்தான்.
அதற்கு வால் கிடையாது.
படித்ததும் புரிந்துவிட்டது.

டாக்டர் தணிந்த குரலில் இன்னொருமுறை கேட்டார்,
"இன்றைக்கே புட் ஹிம் டவுன்?"
டவுன் காதில் விழுந்ததும்
டஸ்டர் படுத்துக்கொண்டது.
நல்ல பிள்ளையாக, முன்னங்காலில் தாடையை வைத்து.

என்னிடம் அப்போது ஒரே ஒரு வாக்கியம் இருந்தது.
"கேன் வீ புட் இட் ஆஃப்?"
இட் நடுவில்.
நடுவில் நின்றது இந்தமுறை நாயல்ல.
எது என்று அவரும் கேட்கவில்லை.
"வெள்ளிக்கிழமை வரைக்கும்" என்றார்.

வியாழன் இரவு முழுக்க முனகிக்கொண்டிருந்தது.
ஆலையிலிருந்து கொண்டுவந்த மீன் துண்டை
மோந்து பார்த்துவிட்டு என் கையை நக்கியது.
புட் அப் வித் என்றால் பொறுத்துக்கொள்.
பொறுப்பதற்கு மட்டும்
இரண்டு வால் வேண்டியிருக்கிறது.

வீட்டுப்பாடம்: புட், ஒரு சொந்த வாக்கியம்.
ஐ புட் ஹிம் டவுன் என்று எழுதினேன்.
நேற்றுக்கும் இன்றைக்கும்
உருவம் மாறாத வினை அது.
நடந்ததா, தினமும் நடக்கிறதா,
பார்த்துச் சொல்ல முடியாது.

டீச்சர் ஓரத்தில் குறித்திருந்தார்:
எப்போது? நேரம் சேர்க்கவும்.

சேர்த்தேன்.
கிழமைக்கு முன்னால் ஆன்,
மணிக்கு முன்னால் அட்.
வெள்ளி, நாலு பத்து.
இரண்டுக்கும் டிக் போட்டிருந்தார்.